சாய்வாக வெட்டிய பிரஷ்

“தொடாதீங்க!”

நிதானம் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. எதிரே மேசைமேல் பளபளக்கும் மரப்பெட்டி ஒன்று திறந்திருந்தது. உள்ளே, வெல்வெட் பள்ளங்களில், ஊசிமுனையிலிருந்து கட்டைவிரல் தடிமன் வரை தூரிகைகள் வரிசையாகப் படுத்திருந்தன.

“அதெல்லாம் என் மனைவிக்கு உயிர். வெளிநாட்டுலேர்ந்து நான் வரவழைச்சுக் குடுத்தது. அவ திரும்பி வரும்போது வச்சது வச்ச இடத்துல இருக்கணும்,” என்றார் கான்ட்ராக்டர்.

“தொடாமலே துப்பறியணும்னா நீங்க ஜோசியரைத்தான் கூப்பிட்டிருக்கணும் சார்,” என்றாள் மிளகாய்.

செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பதுபோல் கான்ட்ராக்டர் அவளைப் பார்த்தார். மிளகாய்க்கு அது பழக்கம். துப்பறிவாளர் நிதானத்திடம் உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிக்கொண்டிருந்தாள். அவர் எதற்கும் அவசரப்படாதவர். ஊரார் வைத்த பெயர் நிலைத்துப் போய், உண்மைப் பெயர் அவருக்கே சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

வழக்கு பார்வைக்குச் சுலபமானது. கான்ட்ராக்டரின் மனைவி ஓவியர். போன மாதம் ஒரு மத்தியானம் காணாமல் போனார். அன்று வீட்டுக்கு வந்து போன வெளியாள் ஒருவன்தான்: ஓவியங்களுக்குச் சட்டம் போடுகிறவன். படங்களைத் துணியில் சுற்றித் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை எதிர் வீட்டார் பார்த்திருக்கிறார்கள். கான்ட்ராக்டர் விரலை நீட்டினார். போலீஸ் அந்த விரல் காட்டிய ஆளைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைத்தது. ஓவியர் எங்கே என்று கேட்டுக் கேட்டு அவன் உதடு கிழிந்திருந்தது. பதில் மட்டும் வரவில்லை.

“சட்டம் போடுறவரைச் சட்டம் பிடிச்சு வச்சிருக்கு,” என்று காலையில்தான் மிளகாய் சொல்லியிருந்தாள். நிதானம் சிரிக்கவில்லை.

“தானா ஓடிப் போறவ இதையெல்லாம் விட்டுட்டாப் போவா?” கான்ட்ராக்டர் அறையைச் சுற்றிக் கையை வீசினார். “பெயின்ட், பென்சில், பிரஷ், ஈசல், எல்லாம் அப்படியே இருக்கு. ஒரு ஓவியர் தனக்குப் பிடிச்ச சாமானை விட்டுட்டு வாசப்படி தாண்ட மாட்டா. அப்போ இது கடத்தல்தானே? போலீசே ஒத்துக்கிச்சு. அவ எங்கேன்னு கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலை. போலீசுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லணும்.”

நிதானம் குனிந்து, தொடாமலே, பெட்டிக்குள் பார்த்தார். பிறகு வண்ணக் குழாய்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மூடிகளின் கழுத்தில் ஒரு பிசிறு நிறமில்லை. ஜன்னலோரம், படத்தை நிறுத்தி வரைவதற்காக நின்ற ஈசலின் மரத்தில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்கவில்லை.

“ஈசலுக்கு ஒரு நாள்தான் ஆயுசும்பாங்க,” என்று மிளகாய் முணுமுணுத்தாள். “இது அந்த ஒரு நாளும் வாழ்ந்த மாதிரி தெரியல பாஸ்.”

ஆனால் அறையின் மறு மூலையில் தரை வேறு கதை சொன்னது. அங்கே கறுப்பும் செம்மண் நிறமும் தெறித்து, காய்ந்து, அதன்மேல் மறுபடி தெறித்து, சிமென்ட் தரையே தெரியவில்லை. கரித்தூள் சுவரின் அடியில் வரப்புபோல் ஒதுங்கியிருந்தது. அந்தக் கறைக்கு நடுவில் ஒரே ஓர் இடம், சாப்பாட்டுத் தட்டளவுக்கு, வட்டமாக, சுத்தமாக இருந்தது.

நிதானம் அந்த வட்டத்தின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“என்னய்யா இது, வாடகைக்கு வந்த மாதிரி உக்காந்துட்டான்?”

கதவருகே வயதான பெண்மணி ஒருத்தி நின்றிருந்தாள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் கறுப்புக் குடை. குடையின் நுனி நிதானத்தின் மூக்குக்கு நேராக நீண்டது.

“எங்க அம்மா,” என்றார் கான்ட்ராக்டர் அலுப்பாக. “தினமும் காலையில முட்டிக்கு மருந்து கட்டிக்கப் போவாங்க. நீங்க கிளம்புங்கம்மா.”

“போறேன்டா. அந்த ஓடுகாலியைத் தேட ரெண்டு பேரா? தேடிக் கொண்டாந்து என்ன பண்ணப் போறே, கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறியா? நீ பொன்னுல செஞ்சு குடுத்தாலும் அவளுக்கு அந்த வாய் உடைஞ்ச பீங்கான் தட்டும் கரிக்கட்டையும்தானே ஒசத்தி! அதையே கட்டிக்கிட்டு அழட்டும்! வீடு பூரா கரி. கூட்டிக் கூட்டி என் இடுப்பு போச்சு.” குடையைத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். “ஏய் பொண்ணே, உன் வாயி நீளம்னு வாசல் வரைக்கும் கேக்குது. இந்த வீட்டுல நிக்காதே. போ.”

“உங்க குடையை விட என் வாய் சின்னதுதாம்மா,” என்றாள் மிளகாய்.

கிழவி ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய்விட்டாள்.

வெளியே வரும் வழியில், நடையில் மாட்டியிருந்த ஒரே ஓவியத்தின் முன் நிதானம் நின்றார். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்கள். முதுகுகள் எல்லாம் கறுப்புக் கோடுகள். ஒவ்வொன்றும் கயிறுபோல் தடித்துத் தொடங்கிக் கத்தி விளிம்பாய் முடிந்தது. ஒரே வீச்சு. இரண்டாவது தடவை தொடப்படாத கோடு.

“பெட்டியில இருக்கிற பிரஷ்ஷெல்லாம் முனை கூம்பி விறைப்பா நிக்குதே, ஏன்?” தெருவுக்கு வந்ததும் கேட்டார்.

“ஒசத்திச் சாமான், திமிரா நிக்குது.”

“பசை. புது பிரஷ்ஷோட முடி கலையாம இருக்க பசை தடவித்தான் கடைக்கு அனுப்புவாங்க. ஒரு தடவை முக்கினாப் போயிடும். அந்தப் பெட்டியில ஒண்ணுகூடத் தண்ணியைப் பார்த்ததில்ல.”

மிளகாய் நின்றாள். “அப்போ அது அந்தம்மாவுக்குப் பிடிச்ச சாமான் இல்ல. அவங்க புருஷனுக்குப் பிடிச்ச சாமான்!”

“அவங்க வேலை செஞ்சது தரையில உக்காந்து. உடைஞ்ச தட்டுல கலர் கலக்கி, கரியால கோடு போட்டு. தட்டு இருந்த இடம் வட்டமா இருக்கு, தட்டு இல்ல. கரியோட தூள் இருக்கு, கரி இல்ல. தனக்குப் பிடிச்ச சாமான் ஒண்ணுவிடாம எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்காங்க.”

“அப்போ கடத்தல் இல்ல.”

“இல்ல.”

“அப்போ சட்டக்காரர் சும்மா அடி வாங்கிக்கிட்டிருக்கார்.”

 நிதானத்தின் நடையில் வேகம் கூடியது. மிளகாய் ஓட வேண்டியிருந்தது.

ஊரின் ஒரே ஓவியச் சாமான் கடை ஒடுக்கமாக, பெயின்ட் எண்ணெயும் மரத்தூளும் கலந்த வாசத்தோடு இருந்தது. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “வாங்குறதுன்னா வாங்குங்க. வேடிக்கைன்னா வெளியில நின்னு பாருங்க.”

நிதானம் மாதிரித் தாளில் பேனாவால் ஒரு கோடு வரைந்து காட்டினார். தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும் கோடு. “இப்படி ஒரே வீச்சுல கோடு போடுற பிரஷ் வேணும்.”

“கிடைக்காது.”

“ஸ்டாக் இல்லையா?”

“உலகத்துலேயே கிடையாது. கடைப் பலகை எழுதுறவங்க வாங்குற மட்டமான தட்டை பிரஷ்ஷை எடுத்து, முடியை பிளேடால சாய்வா வெட்டணும். பிரஷ்ஷுக்கு அதைவிடக் கேவலம் வேற இல்ல. நல்ல சாமானா அடுக்கி வச்சிருக்கேன், இந்தக் கோடு போடுற அந்தம்மா வந்து தூக்கி எறியற சாமானைத்தான் கேக்கும். கேட்டா, ‘உங்க நல்ல பிரஷ்ஷெல்லாம் எனக்குப் பாடம் நடத்துது, இதுதான் நான் சொன்னதைக் கேக்குது’ன்னு சொல்லும். பெரிய ஓவியராம்!”

“கடைசியா எப்ப வெட்டிக் குடுத்தீங்க?”

“நேத்து.”

மிளகாயின் வாய் திறந்தது. 

“அந்தம்மாவே வந்தாங்களா?” நிதானத்தின் குரல் மாறவில்லை.

“அது வந்து ஒரு மாசம் ஆச்சு. இது ஒரு கிழவி. வெட்டிக் குடுத்தா, சாய்வு தப்பாம். இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்னு சண்டை. எத்தனை வருஷமா வெட்டுறேன், எனக்குத் தெரியாதான்னேன். குடையாலயே கண்ணாடியைத் தட்டுறா! விரிசல் விட்டிருக்கு, பாருங்க. கடைசியில இன்னொரு பிரஷ்ஷை எதிர்ப்பக்கமா வெட்டிக் குடுத்துத் துரத்தி விட்டேன்.”

கல்லாக் கண்ணாடியின் மூலையில் சிலந்தி வலைபோல் ஒரு விரிசல். மிளகாய் அதை விரலால் தொட்டாள்.

“குடை,” என்றாள்.

வாசலுக்கு வந்ததும் நிதானம் நின்றார். வலது கையில் பிரஷ் பிடிப்பதுபோல் காற்றில் ஒரு கோடு இழுத்தார். பிறகு இடது கையால் அதே கோட்டை இழுத்தார். இழுத்த கை பாதியில் நின்றது.

“சாய்வு ஏன் எதிர்ப்பக்கம் வேணும்? கையை மாத்தினாத்தான் வேணும்.” அவர் முகம் இறுகியது. “வாழ்நாள் பூரா வலது கையால வரைஞ்சவங்க ஏன் கையை மாத்தணும், மிளகாய்?”

மிளகாய் தன் வலது கையைக் குனிந்து பார்த்தாள்.

மறுநாள் காலை கிழவி வீட்டைவிட்டுக் கிளம்பியபோது தெருமுனையில் இருவரும் காத்திருந்தார்கள். குடையை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள். முனை திரும்பியதும் நொண்டல் நின்றுவிட்டது. மருந்து கட்டும் டாக்டரின் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினாள். சந்தை, பாலம், நீராவி பொங்கும் ஒரு சலவைக்கடை. அதன் பக்கவாட்டுப் படியில் ஏறத் தொடங்கினாள்.

“முட்டி வலிக்காரி மூணு மாடி ஏறுறா பாஸ். அந்த டாக்டர் விலாசம் எனக்கும் வேணும்.”

அவர்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. நிதானம் தட்டினார். கதவு திறந்த வேகத்தில் குடை அவர் தோளில் இறங்கியது.

“அவன் அனுப்பின நாய்ங்களா! இங்கேயும் மோப்பம் புடிச்சு வந்துட்டீங்களா? உள்ள கால வச்சே, காலை முறிச்சிடுவேன்!”

“அத்தை, விடுங்க.”

குரல் உள்ளிருந்து வந்தது. சிறிய அறை. தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முன்னால் வாய் உடைந்த பீங்கான் தட்டு. வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்கள் இன்னும் நீலம் பாரித்திருந்தன. இடது கையில் சாய்வாக வெட்டிய பிரஷ். சுவர் முழுக்கத் தாள்கள். கதவுப் பக்கத்துத் தாள்களில் கோடுகள் நடுங்கிக் கோணிக்கிடந்தன. ஜன்னலை நோக்கிப் போகப் போக அவை நேராயின.

“என் கையை மேசை டிராயர்ல வச்சுச் சாத்தினார்,” என்றார் ஓவியர், யாரும் கேட்கும் முன்பே. “வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி அந்தப் பெட்டியைத் திறந்து காட்டி, இதாலதான் இவ வரையறான்னு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ‘இல்லைங்க, அதை நான் தொட்டதே இல்ல’ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க போனப்புறம் சாத்தினார். ரெண்டு தடவை.”

“ரெண்டு தடவையும் நான் பார்த்தேன்,” என்றாள் கிழவி. அவள் மூச்சு இரைத்தது. “அவன் அப்பன் என் பல்லை உடைச்சப்போ என் மாமியார் கதவைச் சாத்திக்கிட்டுப் போயிட்டா. நான் சாத்தல. அவன் வேலைக்குப் போனதும் இவ தட்டையும் கரியையும் என் துணிப்பையில போட்டேன். பின் வாசல் வழியா கூட்டிக்கிட்டு வந்தேன். ஊர் முன்னாடி வாய் வலிக்கத் திட்டினேன். திட்டாட்டி அவன் என்னைத்தான் முதல்ல சந்தேகப்படுவான். போய்ச் சொல்லு அவன்கிட்ட. போ!”

“அம்மா, நாங்க சொல்லப் போறதில்ல,” என்றாள் மிளகாய். “ஆனா அந்தச் சட்டக்காரர் பாவம், இன்னும் எத்தனை நாள்தான் ஸ்டேஷன்ல…”

கிழவி சட்டென்று கையை ஓங்கினாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

“எந்தச் சட்டக்காரர்?” ஓவியரின் கையிலிருந்த பிரஷ் தட்டில் விழுந்தது. “என் படத்துக்குச் சட்டம் போடுறவரா? அவர் ஏன் ஸ்டேஷன்ல?”

மிளகாய் கிழவியைப் பார்த்தாள்.

“அத்தை, உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ கிளம்பிடுவே.”

“அதுக்காக? ஒரு மனுஷன் எனக்காக அடி வாங்குறான், நான் இங்க உக்காந்து கோடு போட்டுப் பழகிக்கிட்டிருக்கேன்! உங்க புள்ளைக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் அத்தை? அவரும் என்னைக் கேக்காமத்தான் எனக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ணுவார்!”

கிழவியின் முகம் அறை வாங்கியதுபோல் ஆயிற்று. அதே சமயம் கீழே படியில் ஷூ சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம்.

நிதானம் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். கான்ட்ராக்டர் ஏறி வந்துகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு.

“நல்லா வேலை செய்யறீங்க. உங்க பின்னாடி வந்தாப் போதும்னு தெரியும். நீங்க வாயைத் திறக்க மாட்டீங்கன்னும் தெரியும். தள்ளுங்க.”

நிதானத்தின் காது மடல்கள் சிவந்தன. முன்னால் போகிறவளையே பார்த்துக்கொண்டு வந்தவர், முதுகுக்குப் பின்னால் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தொழிலில் முதல் பாடம், அதிலேயே தவறியிருந்தார். கான்ட்ராக்டர் அவர் திறந்து விட்ட வழியில்தான் வந்திருந்தார்.

அவர் ஓடவில்லை, கத்தவில்லை. படி குறுகலானது. அதன் நடுவில், மேலிருந்து மூன்றாம் படியில், மெதுவாக உட்கார்ந்தார். இரண்டு பக்கச் சுவரிலும் தோள் இடித்தது.

“எந்திரிடா.”

“முட்டி வலி,” என்றார் நிதானம்.

கான்ட்ராக்டரின் ஷூ அவர் விலாவில் இறங்கியது. நிதானம் படியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் இறங்கியது. அதற்குள் மேலே ஜன்னல் திறந்து, மிளகாயின் குரல் மூன்று தெருவுக்குக் கேட்டது. “சலவைக்கடை அக்கா! எல்லாரும் வாங்க! மாடிப்படியில ஒரு பெரிய மனுஷன் உக்காந்திருக்கிற ஆளை உதைக்கிறார், வந்து பாருங்க!”

சலவைக்கடைப் பெண்கள் ஈரக் கையோடு வந்து படியடியில் கூடினார்கள். பார்ப்பதற்கு ஆட்கள் வந்ததும் கான்ட்ராக்டரின் கால் தானாக இறங்கிக்கொண்டது. சட்டையைச் சரிசெய்துகொண்டார். “குடும்ப விஷயம். என் மனைவிக்கு மனசு சரியில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

“நான் வரேன்,” என்றார் மேலேயிருந்து ஓவியர். மாவுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். “வீட்டுக்கு இல்ல. ஸ்டேஷனுக்கு.”

ஸ்டேஷனில் அதிகாரிக்கு யாரையும் பார்ப்பதில் சந்தோஷமில்லை. காணாமல் போனவர் தானே நடந்து வந்துவிட்டார். கடத்தல் வழக்கு கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. சட்டக்காரனை வெளியே விட்டார்கள். ஓவியர் அவன் எதிரே போய் நின்றார்.

“எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்.”

“இருக்கலாம்.” அவன் வீங்கிய உதட்டோடு பேசினான். “இனி என் கடைப் பக்கம் வராதீங்க. வேற ஆளைப் பாருங்க.” நீட்டிய கையைப் பார்க்காமல் போய்விட்டான். ஓவியர் அந்தக் கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

“அப்புறம் என்ன?” அதிகாரி காகிதங்களை அடுக்கினார். “ஆள் கிடைச்சாச்சு. புருஷன் பொண்டாட்டி பேசித் தீர்த்துக்கங்க.”

“கை?” என்றார் நிதானம், விலாவைப் பிடித்தபடி.

“படியில தவறி விழுந்தா,” என்றார் கான்ட்ராக்டர். “அம்மாவைக் கேளுங்க. அவங்க வீட்டுலதான் இருந்தாங்க.”

எல்லாருடைய பார்வையும் கிழவியின் பக்கம் திரும்பியது. படியிலிருந்து ஸ்டேஷன் வரை ஓவியர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழவி மகனைப் பார்த்தாள்.

“அம்மா,” என்றார் கான்ட்ராக்டர் தணிந்த குரலில். “ராத்திரி நீங்க எந்த வீட்டுல படுக்கணும்னு யோசிச்சுக்கிட்டுப் பேசுங்க.”

கிழவி அதிகாரியின் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசை, டிராயர், வந்திருந்தவர்களின் சிரிப்பு, முதல் தடவை, இரண்டாம் தடவை, இரண்டுக்கும் நடுவில் மருமகள் கூப்பிட்ட ‘அத்தை’ என்ற ஒற்றைச் சொல். எதையும் விடாமல் சொன்னாள். ஜன்னல் பக்கம் நின்றவர் மெல்லத் திரும்பினார்.

“கையைச் சாத்தின அந்த ஆள் உங்களுக்கு என்ன வேணும்?” அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார்.

“மகன்.”

பேனா நின்றது. “அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதை எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது.”

“அழிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?” என்றாள் கிழவி. “எழுது.”